நானூற்று நாலு

கீழே ரிக் வண்டிக்கு வெல்டிங் வைக்கும்போதெல்லாம்
மேலே என் திரை ஒருமுறை கண்ணடிக்கும்.
திருச்செங்கோடு, சங்ககிரி ரோடு, மாடியில் எங்கள் கடை.
நானும் தாஜுநிஷாவும்
போர் போடுகிறவர்களுக்கு வெப்சைட் போடுகிறோம்.

செங்கோட்டுவேல் வந்தார். ஏழு வண்டி.
நாலு ராய்ச்சூர் பக்கம், ரெண்டு ராஜஸ்தானில்,
ஒன்று கீழே, வயிறு பிரித்துக் கிடக்கிறது.
"எனக்கு இதெல்லாம் ஒண்ணுந் தெரியாதுங்க.
ஒவ்வொண்ணும் என்னன்னு சொல்லிப்போட்டுச் செய்யுங்க.
தெரியாத எடத்துல நான் காசு எறக்கறதில்லீங்க."

சொன்னேன்.
பிக்சல் என்றால் புள்ளி. புள்ளி போதாவிட்டால் படம் உடையும்.
நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வண்டியை
முகப்பு அகலத்துக்கு இழுத்தேன், பாருங்கள்,
ஜல்லி கொட்டின மாதிரி.
"முக்கால் ஜல்லிங்களா, ஒண்ணரைங்களா?"
சிரிக்கவில்லை. அவருக்கு அது கேள்வி.

மார்ஜின், கட்டத்துக்கு வெளியே விடும் இடம்.
பேடிங், உள்ளே விடும் இடம்.
"அப்பக் கட்டந்தான் வேலி.
வெளிய இட்டேரி. உள்ளார மாடு திரும்ப விட்டது."
பங்காளிச் சண்டையில் பாதி
இது ரெண்டும் தெரியாமல் வருவதுதான் என்று
தாஜுநிஷா திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னாள்.

லேயரை நான் விளக்கவே இல்லை.
அவரே ஆரம்பித்துவிட்டார்.
மேலே செம்மண்ணு, அப்புறம் சுக்கான், வெள்ளப்பாறை,
அதுக்கும் அடியில கருங்கல்லு.
மவுஸைக் கொடுத்தேன்.
கம்பெனிப் பேரைப் பிடித்து லாரிக்குப் பின்னால் தள்ளினார்.
காணோம் என்று பதறவில்லை.
"அடியில இருக்குதுங்க" என்றார்.

தகராறு வெற்றிடத்தில்தான்.
"வலது பக்கம் சும்மா கெடக்குதே,
மச்சான் போட்டோவப் போடலாமுங்க."
சும்மா இல்லை, கண் மூச்சுவிட விட்டது.
"அதுக்குஞ் சேத்துத்தான் காசு வாங்கறீங்களா?"
ஆமாம் என்றேன்.
மச்சான் வந்துவிட்டார், வட்டமாக வெட்டி.

இரவு பத்தரைக்கு ஒரு போன்:
வண்டி ஸ்டிக்கரில் இருக்கிற மஞ்சள் செல்லில் இல்லை.
திரையில் கலப்பது வெளிச்சம், அச்சில் கலப்பது மை.
இங்கே மூன்று, அங்கே நான்கு.
"ஒரே மஞ்சளு எப்படிங்க ரெண்டாகும்?"
ஆகும். ஈரோட்டு மண்டியில் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஒரு பக்கம் மிச்சம் இருந்தது.
தேடி வந்தது இல்லாவிட்டால் எழும் பக்கம்.
அதற்குப் பேர் நானூற்று நாலு.
விலாசம் தப்போ, பக்கத்தையே எடுத்துவிட்டோமோ,
வந்தவர் இங்கே வந்து நிற்பார்.
அவருக்கு என்ன எழுதலாம்?

வெகுநேரம் பேசவில்லை.
கீழே வெல்டிங்கும் நின்றிருந்தது.

"ஆயிரத்தி நூறு அடி போயிருப்பமுங்க. பொகைதான் வரும்.
காட்டுக்காரரு மொகத்தப் பாக்க மாட்டம்.
கம்ப்ரசரை அணைச்சா
காதுல ஒண்ணுமே இருக்காது பாருங்க, அப்ப
யாரும் எதுவுஞ் சொல்றதில்லீங்க.
மொதல்ல மூடி. பைப்பு வாய்க்கு மூடி போட்டு முடுக்கிப்போட்டு,
அப்புறமேட்டுத்தான் வண்டியத் திருப்பறது."

டெம்ப்ளேட்டோடு வந்த அழுமூஞ்சிப் பொம்மையை எடுத்தேன்.
எழுத்தளவு இருபத்திரண்டு, இடது ஓரம் சேர்த்து:

இங்கே ஒன்றும் இல்லை. மூடி போட்டிருக்கிறோம்.
முகப்புக்குத் திரும்ப இந்த வழி.

அடியில் ஒரு பொத்தான், சுற்றிலும் வெற்றிடம்.
இந்த முறை அவர் எதையும் வைக்கச் சொல்லவில்லை.

பின்னணிக்கு ஒரு நிறம் வேண்டும்.
கீழே நிற்கும் வண்டியின் போட்டோவில்
டயரில் படிந்திருந்த பாறைத் தூளைத் தொட்டு எடுத்தேன்.
பி எட்டு, பி ரெண்டு, ஏ ஏழு.
"அதென்னுங்க நம்பரு?"
உங்கள் தூசியின் நம்பர்.

துண்டுச் சீட்டு கேட்டு வாங்கி
எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினார்.
பாதிப் படியில் திரும்பி வந்து,
கடைசி எழுத்து ஏழா ஒண்ணா என்று
கேட்டுக்கொண்டு போனார்.